கவிழ்த்த சட்டி

நவம்பர் 10, திங்கள்

தினமும் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். மனதில் படுவதை அப்படியே எழுதுங்கள் என்றார் அந்த மேடம். மனதில் படுவதை எழுதினால் நோட்டு பற்றி எரியும். அதனால் பாம்பைப் பற்றி எழுதுகிறேன்.

என் மகன் நவநீதன் ஒரு மலைப்பாம்புக் குட்டி வளர்க்கிறான். நம் ஊர்க் காட்டில் இருப்பது இல்லை, ஆப்பிரிக்க வகை. அரசாங்கத்தில் முறைப்படி பதிவு செய்து வாங்கிய காகிதம் வைத்திருக்கிறான். எட்டு மாதக் குட்டி, என் கை நீளம் இருக்கும். விஷம் கிடையாது, கடிக்காது, பயந்தால் தலையை நடுவில் ஒளித்துக்கொண்டு பந்தாகச் சுருண்டுவிடும். அதனால் முறுக்கு என்று பெயர் வைத்திருக்கிறான். அவன் ட்ரெயினிங்குக்காக பெங்களூர் போயிருக்கிறான். நாற்பத்தைந்து நாள். வரும்வரை முறுக்கு என் பொறுப்பு.

எனக்குப் பாம்பு என்றால் படத்தில் பார்த்தாலே கால் கூசும். இதை எங்கள் தெருவே அறியும்.

நவம்பர் 11, செவ்வாய்

நேற்று பெங்களூர் என்று எழுதியது கைப்பழக்கம். கம்பெனியிலும் கீழ் வீட்டிலும் அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறேன். சொல்லிச் சொல்லி நோட்டிலும் வந்துவிட்டது. அவன் அங்கே இருக்கிறான். எங்கே என்பது, எழுதச் சொன்ன மேடத்துக்குத் தெரியும்.

ஃபிரிட்ஜ் கதவில் அவன் எழுதி ஒட்டிய தாள்: தொட்டியில் ஒரு பக்கம் 32 டிகிரி, மறு பக்கம் 27. தண்ணீர் தினமும் மாற்ற வேண்டும். வெள்ளிக்கிழமை ஒரு எலி. எலி ஃபிரீசரில், கறுப்புக் கவரில். தேங்காய் நார்த்தூளை மாற்ற வேண்டாம், நான் வந்து மாற்றிக்கொள்கிறேன்.

கண்ணாடித் தொட்டிக்குள் ஒரு மண்சட்டியைக் கவிழ்த்து, விளிம்பில் ஒரு வாசல் உடைத்து வைத்திருக்கிறான். பாம்பு அதற்குள்ளேயே கிடக்கிறது. இருக்கிறதா செத்ததா என்று எப்படித் தெரியும்? தோசைக் கரண்டியால் சட்டியைத் தூக்கிப் பார்த்தேன். இருக்கிறது. இன்று ஆறு முறை பார்த்தேன். ஆறு முறையும் இருந்தது.

நவம்பர் 14, வெள்ளி

இதையும் எழுதித் தொலைக்கிறேன். செத்த எலியை வெந்நீரில் போட்டு உறைந்தது இளக வைத்து, துணியால் ஒற்றி, கிடுக்கியில் பிடித்துப் பாம்பின் முன்னால் ஆட்ட வேண்டும். சஷ்டி விரதம் பிடிக்கிற கை இது. ஆட்டினேன். அது தலையை உள்ளே இழுத்துக்கொண்டது. கொஞ்சம் பொறுத்து மறுபடி ஆட்டினேன். சட்டியை எடுத்துவிட்டு ஆட்டினேன். கெஞ்சினேன். ஒன்றரை மணி நேரம். எலிதான் நாறியது.

என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அவர் பவர் டேபிள் மெக்கானிக். திருப்பூரில் பாதி தையல் மிஷின் அவர் கை பட்டதுதான். மகன் போன நாளிலிருந்து அவன் பெயரை அவர் வாயால் சொல்வதில்லை. நானும் சொல்லச் சொல்லிக் கேட்பதில்லை.

நவம்பர் 16, ஞாயிறு

போன் வந்தது. ஞாயிறு மட்டும் ஐந்து நிமிடம், பக்கத்தில் ஆள் நிற்பார்களாம்.

"சாப்புட்டயா கண்ணு?" என்றேன்.

"நாஞ் சாப்புட்டன். முறுக்கு சாப்புட்டுதா?"

அவன் குரல் ஓட்டைப் பானையில் பேசுவது போல் இருந்தது. அந்தக் குரலுக்கு இல்லை என்று எப்படிச் சொல்வது?

"ஒரே வாய்ல முழுங்கீருச்சு சாமி."

"நெசமாவா? சரிம்மா. தொட்டிக்குள்ள ரொம்பக் கை வெக்காத. கடிச்சாலும் கடிச்சிரும்."

கடிக்காது என்று இத்தனை நாள் சத்தியம் செய்தவன். என் மேல் அவ்வளவு அக்கறை. போனை வைத்த பிறகு அழுதேன்.

நவம்பர் 18, செவ்வாய்

மதியம் முழுக்கக் கரண்ட் இல்லை. தொட்டிக்கு அடியில் இருக்கும் சூட்டு மெத்தை ஆறிவிட்டது. 24 டிகிரி. பர்மிஷன் சொல்லி வீட்டுக்கு ஓடி வந்தால், தண்ணீர் பாட்டில்களில் வெந்நீர் ஊற்றி, பனியன் வேஸ்ட் துணியால் சுற்றி, தொட்டிக்கு இரண்டு பக்கமும் யாரோ அணைகொடுத்து வைத்திருந்தார்கள். வீட்டில் அவரைத் தவிர யாரும் இல்லை. அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

சட்டியைத் தூக்கிப் பார்த்தது பதினோரு முறை.

நவம்பர் 20, வியாழன்

கம்பெனியில் என் வேலை செக்கிங். தைத்து வரும் டீசர்ட்டை விரித்து, தையல் விட்ட இடம், ஓட்டை, எண்ணெய்க் கறை எங்கே இருக்கிறதோ அங்கே சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். பத்தொன்பது வருடம். என் மேஜை தாண்டிப் போன பீஸ் திரும்பி வந்ததில்லை. அப்படிப்பட்டவள் வீட்டில், இரண்டு வருடமாக, என் கண் முன்னாலேயே. எப்படி?

பார்க்காமல் இல்லை. அவன் சட்டைப் பையைத் துழாவினேன். தலையணையைப் பிரித்துத் தைத்தேன். பாத்ரூமில் அதிக நேரம் இருந்தால் கதவைத் தட்டினேன். ஆடி மாதம் அவன் அறைத் தாழ்ப்பாளை அவரிடம் சொல்லிக் கழற்றினேன். அதற்குப் பிறகு நினைத்த நேரத்தில் உள்ளே போய்ப் பார்த்தேன். ஒன்றும் கிடைக்கவில்லை. பெற்றவள் பார்க்காமல் யார் பார்ப்பது?

நவம்பர் 21, வெள்ளி

இரண்டாவது எலியும் வீண். போகும் முன் அவன் கொடுத்ததோடு சரி, பதினாறு நாளாக வெறும் வயிறு.

வெள்ளிக்கிழமை, அதுவும் கார்த்திகை. பாம்பு இருக்கிற வீட்டில் விளக்கு மட்டும் ஏற்றினால் போதுமா? நாகம் எந்த நாட்டில் பிறந்தால் என்ன. அந்த அறையில் வேறு ஒரு புழுங்கிய வாடை, அவன் போனபிறகும் போகாமல் நிற்கிறது. தூபக்காலில் கரியைக் கனியவிட்டு, ஒரு கை சாம்பிராணி போட்டு, சன்னலைச் சாத்திவிட்டு அறை முழுக்கக் காட்டினேன். தொட்டி மூடியைத் திறந்து அதற்கும் காட்டினேன். என் பிள்ளையைப் பிடித்தது விடட்டும், இதுவும் சாப்பிடட்டும் என்று வேண்டிக்கொண்டேன். மனசு லேசானது.

நவம்பர் 22, சனி

பாம்பு வாயைத் திறந்து வைத்துக்கொண்டிருக்கிறது. மூக்கில் நுரை. மூச்சு விடும்போது விசில் சத்தம். பாம்புக்கு மூச்சு வாங்குமா?

நவம்பர் 23, ஞாயிறு

"முறுக்கு எப்பிடிம்மா இருக்குது?"

"அதுக்கென்ன, ராசாவாட்டம் இருக்குது. ரெண்டாவது எலியும் தின்னுருச்சு."

அது செத்துப்போனால் அவனிடம் என்ன சொல்வேன்? அங்கே சேர்த்த அன்று அவன் ஒன்றே ஒன்றுதான் கேட்டான். "நான் திரும்பி வர்றப்ப அது உயிரோட இருக்கோணும்மா." அது இல்லை என்றால் அவன் வரமாட்டான், வந்தாலும் நிற்கமாட்டான். அப்படித்தான் எனக்குத் தோன்றுகிறது.

நவம்பர் 24, திங்கள்

லீவு போட்டேன். தலையணை உறைக்குள் பாம்பை விட்டு, முடிச்சுப் போட்டு, கட்டைப் பையில் வைத்து, மேலே ஒரு கட்டு முருங்கைக் கீரையை வைத்துக்கொண்டு கோயம்புத்தூர் பஸ் ஏறினேன். பக்கத்து சீட்டு அம்மா கீரை என்ன விலை என்று கேட்டாள். பையை மடிக்கு இழுத்துக்கொண்டேன்.

அங்கே பாம்புக்கும் வைத்தியம் பார்க்கும் டாக்டர் பெனிட்டா சின்னப் பெண். முறுக்கை வளையல் மாதிரி கையில் சுற்றவிட்டுக்கொண்டு கேட்டார்.

"வீட்ல புகை ஏதாவது போட்டீங்களா? கொசுவத்தி?"

"சாம்பிராணிங்க. வெள்ளிக்கிழமைங்கறதால."

"அதுக்குப் புகை ஆகவே ஆகாதுங்கம்மா. நம்மளாட்டம் இருமி வெளிய தள்ளத் தெரியாது."

ஊசி போட்டார். சாப்பிடாததைச் சொன்னேன்.

"ஒரு நாளைக்கு எத்தனை தடவை பாப்பீங்க?"

"பத்து, பன்னெண்டு தடவை இருக்குமுங்க. சட்டியத் தூக்கிப் பாத்தாத்தான எனக்கு மனசு ஆறும்."

"உங்க மனசு ஆறும். அதுக்கு?" என்றார். "யாரோ பிடிக்க வர்றாங்கன்னுதான அது நெனைக்கும். ஒளிய எடம் இல்லைன்னு தெரிஞ்ச பாம்பு சாப்பிடாது. தொட்டிய நல்லாக் கழுவுங்க, நார்த்தூள் பூராம் மாத்துங்க, துணியப் போட்டு மூடுங்க. தண்ணி மட்டும் வைங்க. ரெண்டு வாரத்துக்கு சட்டியத் தொடாதீங்க."

"செத்துப் போச்சுன்னா எனக்கு எப்பிடிங்க தெரியும்?"

"தெரியும்மா. இப்ப அதை விடுங்க."

சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குத்தான் அறை வாங்கியது போல் இருந்தது.

நவம்பர் 25, செவ்வாய்

தொட்டியைக் கழுவினேன். பழைய நார்த்தூளை எடுத்துப் போட்டுப் புதிது பரப்பினேன். அடியில் வேறொன்றும் இருந்தது. எறிந்துவிட்டேன். பச்சைத் துண்டைப் போட்டு மூடியாயிற்று.

நவம்பர் 26, புதன்

இன்று என் மேஜையிலிருந்து தோள் தையல் பிரிந்த பதினான்கு பீஸ் நல்லதாகப் போயிருக்கிறது. ஃப்ளோர் மேனேஜர், "சுலோசனாக்கா, உடம்பு சரியில்லீங்களா?" என்றார்.

எழுதிவிடுகிறேன். சட்டிக்கு நேர் கீழே, நார்த்தூளுக்கு அடியில், பாலிதீன் கவரில் சுற்றி டேப் ஒட்டி, மாத்திரை அட்டைகள். ஆறு அட்டை. வீட்டில் நான் கை விடாத இடம் அது ஒன்றுதான். அம்மாவுக்குப் பாம்பு என்றால் பயம் என்று கணக்குப் போட்டுத்தான் பாம்பையே வாங்கியிருக்கிறான். மூன்று வாரமாகச் சட்டியைத் தூக்கித் தூக்கிப் பார்த்தேன், அதற்கு அடியில் பார்க்கவில்லை.

நார்த்தூளை மாற்ற வேண்டாம். தொட்டிக்குள் கை வைக்காதே, கடிக்கும். இரண்டு ஞாயிற்றுக்கிழமை பாம்பை விசாரித்தானா, இதை விசாரித்தானா?

மாத்திரைகளை டாய்லெட்டில் போட்டுத் தண்ணீர் ஊற்றினேன். அட்டைகளைத் துண்டு துண்டாக வெட்டினேன். அவரிடம் சொல்லவில்லை.

என் மகன் போதை மறுவாழ்வு மையத்தில் இருக்கிறான். இந்த நோட்டில் இந்த வார்த்தையை இன்றுதான் எழுதுகிறேன்.

நவம்பர் 30, ஞாயிறு

"தொட்டியக் கழுவுனயாம்மா?"

அவனாகக் கேட்டான்.

"இல்லையே. நீதான வேண்டாம்னு எழுதியிருக்கற."

அவன் மூச்சு மட்டும் கேட்டது. சொல்லுடா, இப்போதாவது சொல்லுடா என்று உள்ளுக்குள் கத்தினேன்.

"சரிம்மா," என்று வைத்துவிட்டான்.

பொய்க்காரப் பயல். நானும்தான்.

டிசம்பர் 1, திங்கள்

வேலை முடிந்து வந்ததும் தலையணை உறையை எடுத்தேன். எங்கேயாவது கொண்டுபோய் யாரிடமாவது கொடுத்துவிடலாம். வனத்துறை ஆபீஸ் இருக்கிறது, அந்த டாக்டர் இருக்கிறார். இந்த வீட்டில் இது வேண்டாம். இதைப் பார்க்கும்போதெல்லாம் நான் ஏமாந்தது ஞாபகம் வரும். துண்டை உருவினேன்.

அறை வாசலில் அவர் நின்றுகொண்டிருந்தார். நான் எல்லாவற்றையும் கொட்டினேன், கவர், ஆறு அட்டை, ஞாயிற்றுக்கிழமைப் போன், எல்லாம். அவர் அசையாமல் கேட்டார். கடைசியில், "அதென்ன பண்ணுச்சு, பாவம்," என்றார். துண்டை என் கையிலிருந்து வாங்கித் தொட்டி மேல் போட்டு, நாலு முனையையும் இழுத்துவிட்டார்.

இருபத்தைந்து நாளில் அந்த அறைக்குள் அவர் பேசிய முதல் பேச்சு. பாம்பைத்தான் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை.

டிசம்பர் 3, புதன்

கார்த்திகை தீபம். வாசலில் விளக்கு, சன்னலில் விளக்கு. அந்த அறையில் மட்டும் வைக்கவில்லை, புகை ஆகாது. தண்ணீர் மாற்றினேன். சட்டியைத் தொடவில்லை. கை குறுகுறுக்கிறது.

டிசம்பர் 5, வெள்ளி

தொடவில்லை.

டிசம்பர் 7, ஞாயிறு

மையத்தில் குடும்ப நாள். முப்பத்தொரு நாள் கழித்து முகத்தைப் பார்த்தேன். கன்னம் கொஞ்சம் தேறியிருக்கிறது. கண் நேராகப் பார்க்கிறது. அவர் வரமாட்டேன் என்றவர், கிளம்பும்போது சட்டையை மாட்டிக்கொண்டு பைக்கை எடுத்தார். உள்ளே வந்து தூரத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

வேப்பமரத்தடியில் நானும் அவனும். நோட்டு எழுதச் சொன்ன மேடம் தள்ளி நின்றார்கள். கொண்டு போன பணியாரத்தை அவன் தொடவில்லை.

"அம்மா, ஒண்ணு சொல்லோணும். தொட்டிக்குள்ள, சட்டிக்கு அடியில..."

"எடுத்து எறிஞ்சுட்டன். பன்னெண்டு நாளாச்சு."

அவன் தலை தொங்கிவிட்டது. "போன வாரமே தெரியுமா? அப்பறம் ஏம்மா கழுவலைன்னு சொன்ன?"

"நீயாச் சொல்றயான்னு பாத்தன்."

"சொல்லீர்லாம்னுதான் கேட்டன். பக்கத்துல ஆள் நின்னாங்க. வாய் வரலை." கொஞ்ச நேரம் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தான். "ஒரு வாரமாத் தூங்கலைம்மா. திரும்பி வந்தா அது அங்கயே இருக்கும், நான் எடுத்துருவேன்னு பயம். நீ எறிஞ்சுட்டன்னதும் இப்பத்தான் மூச்சு வருது."

கேட்டுவிட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை. "அதுக்குத்தான் பாம்பு வாங்குனயா?"

பொய் சொல்வான் என்று நினைத்தேன். சொன்னால் நம்பிவிடவும் தயாராக இருந்தேன்.

"ஆமாம்மா. மொதல்ல அதுக்குத்தான்." நிமிர்ந்து பார்த்தான். "அப்பறம் அது கைல சுத்திக்கிட்டுக் கெடக்கும்ல, அந்த நேரம் மட்டும் கை நடுங்காது. அதுனால நெறைய நேரம் அதைக் கைலயே வெச்சிருப்பன். இதும் நெசந்தான்."

என் பங்குக்கு நானும் சொன்னேன். "அது சாப்புடவே இல்லை சாமி. ஒரு எலி கூடத் திங்கலை. நான் சாம்பிராணி போட்டு அதைக் கொல்லப் பாத்துட்டன். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ஊசி போட்டுட்டு வந்தன்."

"நீயா? பாம்பைத் தூக்கீட்டா?"

"முருங்கக்கீரைக்கு அடியில வெச்சு, பஸ்ல."

அவன் சிரித்தான். இரண்டு வருடத்தில் நான் கேட்காத சிரிப்பு. தூரத்து நாற்காலியில் அவர் தலையைத் திருப்பிப் பார்த்தார்.

"அது மாசக்கணக்குல சாப்புடாம இருக்கும்மா, செத்துப் போகாது. சும்மா விடு, தானா வரும்," என்றான். பிறகு ஒரு பணியாரத்தை எடுத்தான்.

டிசம்பர் 9, செவ்வாய்

கம்பெனியில் மல்லிகா, "பையன் பெங்களூர்ல எப்பிடி இருக்கானுங்கக்கா?" என்றாள். வாய் வரை வந்துவிட்டது பழைய பதில். "பெங்களூர்ல இல்ல மல்லிகா. மாத்திரைப் பழக்கம். மருத்துவம் பாத்துட்டு இருக்கறோம்," என்றேன். அவள் கையிலிருந்த டீசர்ட்டை வைத்துவிட்டு என் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டாள். அவள் தம்பி கதையைச் சொன்னாள். டீ மணி அடித்தும் இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.

டிசம்பர் 12, வெள்ளி

சட்டியைத் தொடாமல் பதினேழு நாள். விசில் சத்தம் நின்று ஒரு வாரம் ஆகிறது. இன்று எலி கொடுக்கலாம் என்று டாக்டர் போனில் சொன்னார். ஆட்ட வேண்டாமாம். சட்டி வாசலில் வைத்துவிட்டுத் துண்டைப் போட்டு, கதவைச் சாத்திவிட்டு வந்துவிட வேண்டுமாம்.

வைத்தேன். சாத்தினேன். வந்தேன். சமையலறையில் வெங்காயம் உரித்தேன், தேவைக்கு மேல் அரைக் கிலோ. அரிசி களைந்தேன். இரண்டு முறை அறை வரை போய்த் திரும்பினேன். மூன்றாவது முறை போனபோது அவர், "ஏம்புள்ள, உக்கோரு," என்றார். உட்கார்ந்தேன். டிவியில் என்ன ஓடியது என்று தெரியாது.

ஒரு மணி நேரம் கழித்துத் துண்டை விலக்கினேன். எலி இல்லை. நார்த்தூளில் புதைந்திருக்குமோ என்று கிடுக்கியால் தேடினேன். இல்லை. சட்டி வாசலில் முறுக்கின் தலை மட்டும் தெரிந்தது. நாக்கை நீட்டி என்னைப் பார்த்தது. தொண்டைக்குக் கீழே ஒரு புடைப்பு.

"தின்னுருச்சுங்க!" என்று கத்தினேன். கீழ் வீட்டுக்கே கேட்டிருக்கும்.

டிசம்பர் 14, ஞாயிறு

"சாப்புட்டுச்சு கண்ணு."

"நெசமா?"

"நெசமா. நான் பாக்கலை. பாக்காதப்பத்தான் சாப்புட்டுச்சு."

"அப்பா பக்கத்துல இருக்காங்களா?" என்றான். போனை நீட்டினேன். வாங்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டார். ஐந்து நிமிடம் முடிந்து போன் நின்ற பிறகும் இறங்கி வரவில்லை.

டிசம்பர் 18, வியாழன்

அறையைப் பெருக்கினேன். தலையணையைத் தொடவில்லை. அலமாரியைத் திறக்கவில்லை. திறக்க வேண்டும் என்று கை போனது. ஒரு அட்டை மிச்சம் இருந்தால்? வேறு இடத்தில் இருந்தால்? இனிமேலும் வாங்கினால்? தெரியாது. மேடமும் தெரியாது என்றுதான் சொன்னார்கள். வெளியே வந்து துடைப்பத்தை மூலையில் வைத்தேன்.

டிசம்பர் 20, சனி

நாளைக் காலை போய் அழைத்து வருகிறோம். முறுக்கு இரண்டாவது எலியும் தின்றுவிட்டது.

சாயங்காலம் அவரிடம் கேட்டேன். "ஏனுங்க, ஆடி மாசம் கழட்டுன தாழ்ப்பாள் எங்கீங்க?"

பழைய மிஷின் ஊசிகள் போட்டு வைக்கும் தகர டப்பாவை எடுத்து வந்தார். தாழ்ப்பாள், அதன் நான்கு திருகாணி, நிலையில் அடிக்கும் வளையம், எல்லாம் ஒரு பனியன் துணியில் எண்ணெய் தடவிச் சுற்றியிருந்தது. தூக்கிப் போட்டிருப்பார் என்று நினைத்தேன். "கேப்பீன்னு தெரியும்," என்றார்.

அவன் அறைக் கதவின் பழைய ஓட்டையிலேயே திருகினார். நான் டார்ச் பிடித்தேன். முடித்ததும் உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். தாழ் விழுகிற சத்தம் கேட்டது.

வழக்கம்போலக் கதவைத் தள்ளினேன். திறக்கவில்லை. தோளால் தள்ளினேன். திறக்கவில்லை.

"தட்டு," என்றார் உள்ளேயிருந்து.

தட்டினேன்.